பந்தயப் பழக்கத்துக்கு டமியா டிடி-02 போதுமா?

போதும், தாராளமாகப் போதும். 2013-ல் வந்த, ரிமோட்டில் ஓட்டும் 1/10 அளவு பொம்மை கார் இது. மோட்டாரின் சக்தி ஒரு தண்டு வழியாக நான்கு சக்கரத்துக்கும் போகிறது. பெல்ட் இல்லாததால் பராமரிப்பு வேலை குறைவு. அந்த நேரத்தை ஓட்டுவதில் செலவிடலாம், பழகுகிறவருக்கு வேண்டியதும் அதுதான்.

வேகமான மோட்டார் வாங்கினால் ஜெயித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கிட்டோடு, அதாவது நாமே பூட்டும் பாகங்களின் பெட்டியோடு, வரும் 540 அளவு மோட்டாரே முதல் சீசனுக்குத் தாங்கும். முதலில் வேண்டியது கைப்பழக்கம். கார் நம்மை நோக்கி வரும்போது இடதும் வலதும் மாறிவிடும். யோசித்துத் திருப்பினால் அதற்குள் சுவரில் மோதியிருக்கும். விரல் தானாகத் திரும்பும்வரை எட்டு வடிவத்தில் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை. அப்புறம், ஒரு சுற்றை மின்னலாக முடிப்பதைவிட ஐந்து நிமிடமும் மோதாமல் ஒரே சீராக ஓட்டுவதுதான் பெரிது. ஒரு முறை கவிழ்ந்தாலே சில விநாடிகள் போச்சு.

சாதாரண கிட்டில் தண்டுகள் சுழலும் இடங்களில் பேரிங்குக்குப் பதில் புஷ் எனும் பிளாஸ்டிக் வளையம்தான் வரும். ஓட்டும் முன்பே பால் பேரிங் மாற்றிவிடுங்கள். சக்கரத்தின் அதிர்வை அடக்கும் டேம்பரும் எண்ணெய் இல்லாத உராய்வு வகை. மேடுபள்ளத்தில் கார் துள்ளும், எண்ணெய் டேம்பர் போட்டதும் அடங்கும். டயரும் இரண்டாவது பேட்டரியும் அதற்கடுத்த செலவு. மோட்டாரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.