சுர்க்கி தூள் வாங்கி மொட்டை மாடி ஒழுகலை சரி பண்ணின அனுபவம்

தஞ்சாவூர் பக்கம் எங்க தாத்தா கட்டின வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை, அதாவது தேக்கு கட்டை மேல செங்கல்லை குத்தா அடுக்கி அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்சு, மேல தட்டையான ஓடு பதிச்சது. ஐப்பசி வந்தா கூடத்துல ரெண்டு இடத்துல குண்டான் வைக்கணும். அஞ்சு வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்து ஓட்டு இடுக்கெல்லாம் சிமெண்ட் வச்சு பூசிட்டு போனார், ரெண்டே கோடைல சிமெண்ட் ஒரு பக்கம் ஓடு ஒரு பக்கம்னு விட்டுப்போச்சு, சொட்டிட்டு இருந்தது ஒழுக ஆரம்பிச்சுது.

இந்த தடவை சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச வயசான கொத்தனார் ஒருத்தரை தேடிப் பிடிச்சேன். அவர் கேட்ட முதல் கேள்வியே "சுர்க்கி எங்க வாங்கப் போறீங்க தம்பி?" தெரியாதவங்களுக்கு, சுர்க்கின்னா சுட்ட செங்கல்லை இடிச்சு சலிச்ச தூள், சுண்ணாம்புக் காரைல மணலுக்கு பதிலாவோ மணலோட சேர்த்தோ போடுறது.

டவுன்ல ஒரு கடைல ரெண்டு மூட்டை வாங்கினேன், பார்க்க நல்ல செவப்பு. கொத்தனார் ஒரு பிடி எடுத்து கண்ணாடி டம்ளர் தண்ணில போட்டு கலக்கி வச்சார், அரை மணி நேரம் ஆச்சு, தண்ணி தெளியவே இல்ல, செம்மண் கலங்கலாவே நிக்குது. "கல்லு வேகல, பாதி மண்ணு"ன்னு மூட்டையை ஓரமா தள்ளிட்டார். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டார். காசு போனது கூட பரவால்ல, தெரியாம இதை வாங்கி வீட்டுல போடுறவங்களை நினைச்சா தான் வயிறு எரியுது.

அப்புறம் ஊருக்கு வெளில காளவாசல்காரர் ஒருத்தர்கிட்ட, நிதானமா வெந்த நாட்டு செங்கல் உடைசலை அரைச்சு தர்றார், அங்க வாங்கினேன். அது டம்ளர்ல சீக்கிரமே அடில படிஞ்சு தண்ணி தெளிஞ்சுது. தண்ணி விட்டு நீத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, இந்த தூள் ரெண்டு பங்கு கலந்து வடை மாதிரி தட்டி ஈரச்சாக்குல மூடி ஒரு வாரம் வச்சோம், பக்கத்துலயே வெறும் சுண்ணாம்பும் மணலும் கலந்த வடை ஒண்ணு. ரெண்டையும் தண்ணில போட்டு மறுநாள் காலைல பார்த்தா மணல் வடை சேறா கரைஞ்சு கிடக்கு, சுர்க்கி வடை முழுசா இருக்கு, நகத்தால கீறினா லேசா கோடு தான் விழுது. அதை கைல வச்சு பார்த்தப்ப தான் எனக்கு முழு நம்பிக்கை வந்துச்சு.

காரணம் என்னன்னா வெறும் சுண்ணாம்பு காத்துல இருக்க கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெதுவா தான் இறுகும், ஈரத்துலயே இருந்தா இறுகாது. அளவா வெந்த களிமண்ல இருக்க சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போட சேர்ந்து தண்ணிக்குள்ளயே கெட்டியாகும். கல்லு கருகி கண்ணாடி மாதிரி உருகிட்டா இந்த குணம் போயிடும், வேகாட்டியும் இல்ல. முல்லைப் பெரியாறு அணை 1887-ல ஆரம்பிச்சு 1895-ல முடிச்சாங்களே, அது சுண்ணாம்பு சுர்க்கி காரைல கட்டினது தான்.

வேலைன்னு பார்த்தா பழைய சிமெண்டை உளி வச்சு எடுக்கவே நாலு நாள். கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணி விட்டு காரையை அரைச்சு, ஓட்டு இடுக்கை நல்லா நனைச்சுட்டு அழுத்தி அடைச்சார், மேல ரெண்டு வாரம் ஈரச்சாக்கு. அந்த ரெண்டு வாரமும் காலைல சாயங்காலம் நான் தான் தண்ணி தெளிச்சேன்.

குறைன்னா, மூட்டைல கால்வாசி கப்பி, அதாவது சரியா அரைபடாத குறுணை, வீட்டுல திரும்ப சலிக்க வேண்டியதாச்சு. தூள் விலை கம்மி தான், கூலி சிமெண்ட் வேலையை விட ரெண்டு மடங்கு ஆச்சு. அவசரமா முடிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு இது சரிப்படாது. கம்பி கட்டின கான்கிரீட் வேலைக்கும் இதை போடாதீங்க, பழைய சுண்ணாம்பு வீட்டுக்கு தான் இது.

போன அடைமழை முழுக்க கூடத்துல குண்டான் வைக்கல. கைப்பிடி சுவர் ஓரத்துல மட்டும் ஒரு ஈரத்திட்டு தெரியுது, அது சுவர் விரிசல் வழியா இறங்குற தண்ணி, தை மாசம் அதையும் இதே காரைல அடைக்க இன்னும் மூணு மூட்டை சொல்லி வச்சிருக்கேன். வாங்கப் போறவங்க ஒரு கண்ணாடி டம்ளரும் தண்ணி பாட்டிலும் கைல எடுத்துட்டு போங்க, காசு கொடுக்குறதுக்கு முன்னாடியே கலக்கி பார்த்துடுங்க.