தகடூர் மண்ணின் நடுகற்கள்: தருமபுரி அகழ்வைப்பகம்

பழைய தகடூரான தருமபுரியில் ஒரு முற்பகலை எங்கே செலவிடலாம் என்று கேட்பவர்களுக்குத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமான அகழ்வைப்பகத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அங்குள்ள பெருஞ்செல்வம், வீரமரணம் அடைந்தவர்களின் நினைவாக நட்ட நடுகற்கள். சுற்றுவட்டாரத்து ஊர்களில் வயலோரமும் ஏரிக்கரையிலும் நின்றிருந்தவற்றை ஒரே இடத்தில் அருகருகே பார்க்கும்போதுதான், காலத்துக்குக் காலம் அவற்றின் அமைப்பு எப்படி மாறியது என்பது தெளிவாகிறது.

பழைய கற்களில் சிற்பம் மிக எளிமையானது. பக்கவாட்டில் முடிந்த கொண்டை, இடக்கையில் வில், வலக்கையில் வாள், மார்பிலும் தொடையிலும் தைத்து நிற்கும் அம்புகள், காலடியில் கெண்டி என்னும் மூக்குள்ள கலமும் சிமிழும். தலைக்கு மேல் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் சில வரிகள். 'கோவிசைய' என்ற அரச அடைமொழியோடு தொடங்கி, பல்லவர் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் போன்ற அரசரின் ஆட்சியாண்டைக் கூறி, ஆநிரையாகிய தொறுவை மீட்டுப் 'பட்டான்', அதாவது மாண்டான், இன்னாருடைய கல் என்று அவை முடியும். கங்கர், நுளம்பர் ஆகிய அரச மரபினர் ஆண்ட காலத்துக் கற்களில் அடுக்குகள் கூடுகின்றன; கீழே போர், அதற்கு மேல் வீரனை ஏந்திச் செல்லும் தேவமகளிர், உச்சியில் வீரசுவர்க்கம். புலியோடும் பன்றியோடும் போரிட்டு மாண்டவர்களுக்கும் இந்த வட்டாரத்தில் கல் நட்டிருக்கிறார்கள். செப்பேட்டில் இடம்பெறாத ஒரு சேவகனின் பெயரும், புறமலைநாடு என்ற பழைய நாட்டுப் பெயரும் நமக்குக் கிடைப்பது இத்தகைய கற்களால்தான் என்பதால், மன்னர்களின் புகழ் பாடும் மெய்க்கீர்த்திகளைவிட இவற்றை நான் உயர்வாக மதிக்கிறேன்.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபின், அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறுகலத்தில் கள் படைப்பதை ஔவையார் புறநானூற்றின் 232ஆம் பாடலில் ஆற்றாமையோடு பாடினார். அந்த வழக்கம் அற்றுப்போகவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்ப்புறங்களில் நடுகல்லே வேடியப்பன் என்னும் நாட்டார் தெய்வம். எண்ணெய்க்காப்பும் பொங்கலும் இன்றும் உண்டு. வழிபாட்டில் இருக்கும் கல் அதன் ஊரிலேயே இருப்பதுதான் முறை. கேட்பாரின்றிச் சாய்ந்து கிடக்கும் கல்லுக்கு அகழ்வைப்பகமே பாதுகாப்பு.

செல்பவர்களுக்குச் சில குறிப்புகள். புடைப்பு ஆழமில்லாத சிற்பங்கள் என்பதால், வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில்தான் எழுத்தும் உருவமும் நன்றாகத் தெரியும். எழுத்தைப் படிக்க வேண்டுமென்று சுண்ணக்கட்டியால் தேய்ப்பதை யாரும் செய்யக் கூடாது. கல்லின் மேற்பரப்பு அதனால் கெடும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் வட்டெழுத்து அட்டவணை ஒன்றைக் கையில் கொண்டுபோனால், ஓரிரு எழுத்துகளையாவது பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நேரம் மீதமிருந்தால் நுளம்பர் கலையைக் காணக் கோட்டை மல்லிகார்ஜுனர் கோயிலுக்கும், மேற்கூரையில் தீட்டிய விதான ஓவியங்களைக் காண அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலுக்கும் அதே நாளில் சென்று வரலாம். ஆனால் நடுகற்களை முதலில் பார்த்துவிடுங்கள். அவசரமாகக் கடந்துபோகும் கடைசி இடமாக அவற்றை வைக்க வேண்டாம்.