ஸ்வாம்ப் திங் முதல் தொகுப்பு: 20-ஆம் இதழ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்

'சாகா ஆஃப் தி ஸ்வாம்ப் திங்' காமிக்ஸ் தொகுப்பு வாங்கப் போகிறீர்களா? 1987-இல் வந்த பழைய தொகுப்பு வேண்டாம், 2009-இல் வந்த கெட்டி அட்டைப் பதிப்பை எடுங்கள். பழையது 21-ஆம் இதழில்தான் தொடங்கும், இதில் 20-ஆம் இதழும் உண்டு. ஒரே ஒரு இதழுக்கா இவ்வளவு அலட்டல் என்றால், ஆமாம். 1982-இலிருந்து மார்ட்டின் பாஸ்கோ எழுதிவந்த தொடர் ஆலன் மூர் கைக்குப் போனது அதில்தான், மனிதர் முந்தையவர் விட்ட முடிச்சுகளை வரிசையாக அவிழ்த்துவிட்டு, வந்த முதல் மாதமே நாயகனான ஸ்வாம்ப் திங் என்ற சதுப்பு நில உருவத்தையும் சுட்டுத் தள்ளிவிடுகிறார்.

அப்புறம் வருகிறது 21. உறைய வைத்த அந்த நாயகனின் உடலை உட்ரூ என்ற விஞ்ஞானி அறுத்துப் பார்க்கிறான். உள்ளே நுரையீரல் மாதிரி ஒன்று இருக்கிறது, அதால் மூச்சு விட முடியாது. இதயம் மாதிரி ஒன்று, அது எதையும் இறைக்காது. ஆய்வுக்கூடத் தீயில் சிக்கிய அலெக் ஹாலண்ட்தான் இந்தச் சதுப்பு நில உருவம், என்றாவது மறுபடி மனிதனாவான் என்றுதானே 1972-இலிருந்து எல்லோரும் படித்துக்கொண்டிருந்தோம்? ஹாலண்ட் அன்றைக்கே செத்துவிட்டான், தன்னை ஹாலண்ட் என்று நினைத்துக்கொண்ட செடிகொடிதான் இது என்கிறார் மூர். பழைய சம்பவம் ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை, அந்த நம்பிக்கையை மட்டும் உருவிவிட்டார்.

வேலையை விட்டுத் துரத்திய முதலாளியைப் பழிவாங்க உட்ரூ குளிர்பெட்டியின் வெப்பத்தை ஏற்றிவிட்டுப் போகிறான், உருவம் எழுந்து வந்து தன்னைப் பற்றிய அறிக்கையைத் தானே எடுத்துப் படிக்கிறது. அதற்கப்புறம் நடக்கும் கொலையைவிட அந்தப் படிக்கும் இடம்தான் எனக்குக் குலை நடுக்கம்.

ஓவியத்தால்தான் இந்த மிரட்டல் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதை வரைந்த பிசெட்டும் டோட்டில்பெனும் பாஸ்கோ காலத்திலேயே தொடருக்கு வந்தவர்கள். அதே கைகள்தான், கதை மாறியதும் கோடுகளுக்கே வேறு பேய் பிடித்துவிட்டது. இன்னொரு வேடிக்கை, மூரை அழைத்து வந்த எடிட்டர் லென் வீன், அதாவது ஓவியர் ரைட்சனோடு சேர்ந்து இந்தப் பாத்திரத்தைப் படைத்தவரே! தன் பிள்ளைக்குப் பிரேதப் பரிசோதனை நடக்க விட்டிருக்கிறார், பெரிய மனசுதான்.

குறை இல்லாமல் இல்லை. மூர் கட்டம் கட்டமாக வர்ணித்துத் தள்ளுகிறார், படமே சொல்லிவிட்டதை எழுத்திலும் சொல்கிறார், சில பக்கங்களில் சரி போதும்பா என்று தோன்றுகிறது. கடைசியில் 25 முதல் 27 வரை குழந்தைகள் காப்பகத்தில் ஒரு கதை, பிள்ளைகளின் பயத்தைத் தின்று வளரும் குரங்கரசன் ஒன்று அதில் வருகிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் புத்தகத்தை மேல் தட்டில் வையுங்கள்.