உப்புக்காற்றில் ஐரிஷ் விசில்: எதை வாங்கலாம், எதில் ஏமாறுவோம்

புல்லாங்குழலுக்குப் பதிலாக டின் விசில் (நேராகப் பிடித்து ஊதும் ஆறு துளைக் குழல்; ஐரிஷ் விசில், பென்னி விசில் என்பதும் இதுதான்) ஆகுமா என்றால், ஆகாது. இது வேறு வாத்தியம். கமகத்துக்காக (சுரத்தை அசைத்து இழைத்து வாசிப்பதற்காக) வாங்கினால் ஒரு வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கெல்டிக் மெட்டுகளுக்காக வாங்கினால் கொடுத்த காசுக்குப் பழுதில்லை. பாம்பன், தங்கச்சிமடம், தொண்டிப் பக்கம் மாதா கோயில் பாடற்குழுவுக்கு வாங்க நினைப்பவர்களை மனதில் வைத்தே இந்த மதிப்பீடு.

வாங்க வேண்டியது 'டி' சுருதி விசில். நம் கணக்கில் 2 கட்டை. ஆறு துளையையும் மூடினால் ஷட்ஜம். கீழிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தால் அப்படியே சங்கராபரணம். அதே விரல்போக்கில் ரிஷபத்தை (3 கட்டை) ஷட்ஜமாக வைத்தால் கரகரப்பிரியா, தைவதத்தை (7 கட்டை) வைத்தால் நடபைரவி. மேல் துளையைத் திறந்து அடுத்த இரண்டை மட்டும் மூடினால் கைசிகி நிஷாதம் (தாழ்ந்த 'நி') கிடைக்கும், 2 கட்டையிலேயே அரிகாம்போதி வந்துவிடும். ஐரிஷ் நடன மெட்டுகளில் பெரும்பாலானவை இந்த நான்கு மேளகர்த்தா ராகத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஜிக் என்பது திஸ்ர நடை, ரீல் என்பது சதுஸ்ர நடை என்று பிடித்துக்கொண்டால் தாளமும் சிக்கலில்லை.

சரளி வரிசையை இதில் ஆரம்பிக்க வேண்டாம். மாயாமாளவகௌளையின் சுத்த ரிஷபத்துக்கு (தாழ்ந்த 'ரி') கடைசித் துளையைப் பாதி மூட வேண்டும். துளையோ சின்னது. தேர்ந்த கைக்கே அது வழுக்கும். காந்தாரத்தை ஷட்ஜமாக்கினால் தோடியின் ஏழு சுரமும் வரும், கமகம் இல்லாமல் தோடி வராது!

நம் ஊர் ஆட்களுக்கு நல்ல தொடக்கம் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு சுரங்கள். கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்களின் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். 'வந்தே மீனாக்ஷி'க்கு மூலம் ஐரிஷ் மெட்டு, 'ஜகதீச குருகுஹ'வுக்கு ஸ்காட்லாந்து ரீல். கெல்டிக் இசை இங்கே வந்து 200 வருஷத்துக்கு மேலாகிறது. வந்த ஊரிலெல்லாம் அது உருமாறியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1950களில் இதே பென்னி விசிலிலிருந்துதான் க்வேலா என்ற தெரு இசை கிளம்பியது.

கோயில் பாட்டென்றால் 'ஸ்லேன்' என்ற ஐரிஷ் மெட்டு. புனித பேட்ரிக் பாஸ்கா (ஈஸ்டர்) தீ ஏற்றியதாக மரபு சொல்லும் குன்றின் பெயர் அது. அந்த மெட்டு மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி 'ப') வரை இறங்கும், 2 கட்டையில் வைத்தால் விசிலில் இடமில்லை. ஷட்ஜத்தை 5 கட்டைக்கு மாற்றுங்கள், ஆறு துளையும் மூடிய சுரம் மந்தர பஞ்சமமாகிவிடும். பாடுகிறவர்களுக்கும் சுருதியைச் சேர்த்து மாற்றிச் சொல்ல வேண்டும். இதை மறந்துவிட்டு விசிலைக் குறை சொல்வது வழக்கமாக நடப்பது.

இனி உலோகம். இந்தக் கரையில் முக்கால்வாசி முடிவு இதில்தான். ராபர்ட் கிளார்க் என்ற ஆங்கிலேயர் 1843இல் செய்யத் தொடங்கிய கூம்பு வடிவத் தகர விசிலின் தொனி தனி அழகு, மூச்சு கலந்த மென்மை. ஆனால் அந்த வகையில் வாய்ப்பக்கம் மரக்கட்டை இருக்கும். ஈரத்தில் கட்டை உப்பும், காற்றுப் பாதை குறுகும். தகரத்தில் வண்ணம் உரிந்த இடத்தில் துரு ஏறும், அது காற்றை வெட்டும் விளிம்பைத் தொட்டால் சுரத்தைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். மதுரைக்காரர்கள் வாங்கலாம், மண்டபத்துக்காரர்கள் யோசிக்கணும். நிக்கல் முலாம் பூசியதில் துளை ஓரத்தில் முலாம் உரிந்து விரலைக் குத்தும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி படியும், இழுத்துச் சுருதி சேர்க்கும் இணைப்பு இறுகிவிடும். அங்கே பெட்ரோலியம் ஜெல்லி லேசாகத் தடவி வையுங்கள்.

நம் தேர்வு பிளாஸ்டிக் தலை (வாயில் வைத்து ஊதும் பகுதி) வைத்த பித்தளைக் குழல். களிம்பு ஏறும், அதற்கு வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது. தலையைக் கழற்றிவிட்டு, குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, உடனே துடைக்க வேண்டும். புளித்தண்ணீர் துளைக்குள் தங்கினால் களிம்பு முன்னைவிடச் சீக்கிரம் வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். வெளிப்புறம் தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவலாம், காற்றுப் பாதைக்குள் போகக் கூடாது.

தலை ஒட்டியே வரும். கொதிக்காத வெந்நீரில் ஒரு நிமிஷம் வைத்து, நேராக இழுக்காமல் திருகுங்கள், பசை விடும். இது அவசியம். நம் வெயிலில் சுருதி ஏறும், தலையை வெளியே இழுத்துத்தான் இறக்க முடியும். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 6 சென்ட் (சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு). மேல் சுரங்கள் கொஞ்சம் அதிகமாக இறங்கும், ஆகவே மூன்று, நான்கு மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

பார்சல் வந்ததும் கீழ் ஷட்ஜத்தை மெதுவாக ஊதி எட்டு விநாடி நிறுத்துங்கள். மேல் ஸ்தாயிக்குத் தாவினால் தலையில் குறை. வெளிச்சத்தில் பிடித்து வார்ப்புப் பிசிறு இருக்கிறதா பாருங்கள். இரண்டு ஸ்தாயி ஷட்ஜத்துக்கும் 20 சென்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் திருப்பி அனுப்புங்கள்.

வாசிக்கும்போது சத்தம் அடைத்தால் எச்சிலும் நீராவியும் காற்றுப் பாதையில் நிற்கிறது என்று அர்த்தம். ஜன்னல் துளையை (தலையில், காற்றை வெட்டும் விளிம்பு இருக்கும் திறப்பு) விரலால் மூடி ஒருமுறை பலமாக ஊதினால் போகும். திரும்பத் திரும்ப அடைத்தால் பாத்திரம் கழுவும் சோப்பை நீர்த்து அந்தப் பாதையில் விட்டு, துடைக்காமல் காயவிடுங்கள். ஏசி அறையில் இது மோசம், முன்னதாகத் தலையைக் கைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்ளணும்.

திறந்தவெளியில் வாசிப்பது வேறு கதை. கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் எந்த விசிலும் பேசாது, குறுக்கே அடிக்கும் காற்று ஜன்னலில் சுரத்தைக் கலைத்துவிடும். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் பாதி தேறும். மைக்கைக் குழலின் நுனியில் வைப்பது பேண்டு செட்காரர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ஒலி வருவது ஜன்னலிலிருந்தும் திறந்த துளைகளிலிருந்தும்தான், ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளி, சற்று மேலே வைக்கச் சொல்லுங்கள்.