மாடிப்படியா, வினாப்பட்டியலா, மிதிவண்டியா?

‘இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குமா?’ பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பு ‘ஃபிட்னஸ்’ பார்க்க வருபவரிடம் மயக்கவியல் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. வாங்காது என்றால், அவர் 4 மெட் அளவு உழைப்பைத் தாங்குவார் என்பது கணக்கு. ஓய்வாக உட்கார்ந்திருக்கையில் கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் செலவாகும் சுமார் 3.5 மி.லி. ஆக்சிஜனே ஒரு மெட்.

காசு செலவில்லாத இந்த முறையின் பலவீனத்தை 2018-இல் லான்செட் இதழில் வெளியான மெட்ஸ் ஆய்வு வெளிப்படுத்தியது. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் 1,401 பேரிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், 4 மெட்டை எட்ட இயலாதவர்களுள் ஐந்தில் ஒருவரைக்கூட மருத்துவர்களின் கணிப்பு இனம்காணவில்லை.

உழைப்பைத் தாங்கும் திறனை அளக்க இன்னொரு வழி வினாப்பட்டியல். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1989-இல் வெளியான வினாப்பட்டியல், அன்றாட வேலைகளைப் பற்றிய 12 கேள்விகளால் ஆனது; முழு மதிப்பெண் 58.2. அறுவை சிகிச்சைக்குப் பின் முப்பது நாளுக்குள் மரணமோ மாரடைப்போ நேரும் அபாயத்தோடு மெட்ஸ் ஆய்வில் பொருந்தி வந்தது இந்த எளிய பட்டியல்தான்; முகமூடி அணிந்து மிதிக்கையில் செலவாகும் ஆக்சிஜனை அளக்கும் மிதிவண்டிச் சோதனை அந்த இடத்தில் பின்தங்கியது. ஆனால் கோல்ஃப், பனிச்சறுக்கு, உதிர்ந்த இலைகளை வாருதல் என்று கேட்கும் பட்டியலை நம் ஊர்ப் பாட்டியிடம் அப்படியே நீட்ட முடியாது. தண்ணீர்க்குடம் தூக்குவதைக் கேட்டால்தான் பதில் வரும். அப்படி மாற்றினால் மதிப்பெண்ணை மறுபடி சரிபார்க்கவும் வேண்டும்.

ஆறு நிமிட நடைச் சோதனைக்கு 30 மீட்டர் நடைபாதை போதும். மூட்டுவலிக்காரரிடம் அது மூச்சைவிட முழங்காலையே அளக்கும்.

மிதிவண்டிச் சோதனைக்குக் கருவியும் பயிற்சி பெற்றவரும் வேண்டும். எனினும் குறை இதயத்திலா, நுரையீரலிலா, பழக்கமற்ற தசையிலா என்று பிரித்துக் காட்டுவது அது ஒன்றே. நுரையீரலில் ஒரு பகுதியை அகற்றும் சிகிச்சையில் அதற்கு ஈடில்லை: உச்ச ஆக்சிஜன் நுகர்வு கிலோவுக்கு நிமிடத்துக்கு 20 மி.லி.க்கு மேல் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. 10-க்குக் கீழே போனால் அபாயம் மிக அதிகம். மேலும் அறுவை சிகிச்சையால் சிக்கல்கள் நேருமா என்பதற்கும் இந்த அளவு துப்புக் கொடுக்கிறது.

ஆகவே எல்லாரிடமும் வினாப்பட்டியலில் தொடங்கி, மதிப்பெண் 34-க்குக் கீழே வருபவரையும் நுரையீரல் சிகிச்சைக்குக் காத்திருப்பவரையும் மிதிவண்டிக்கு அனுப்புவதே சரி என்பேன். மாடிப்படிக் கேள்வியைப் பேச்சைத் தொடங்க வைத்துக்கொள்ளலாம். அதன் பதிலை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது.