செம்பு மருந்தா, தொட்டி மாற்றமா?

புதிதாக வாங்கிய கடல் மீனை நேரே பெரிய தொட்டியில் விடுவது எனக்குச் சம்மதமே இல்லை. தனித்தொட்டியில் வைத்து, ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோயை ஒழிக்க இரண்டு வழிகள் பரவலாக உள்ளன.

செம்பு மருந்து, தோலுக்குள் புதைந்த ஒட்டுண்ணியைத் தொடாது; நீரில் நீந்தும் அதன் குஞ்சுகளைத்தான் கொல்லும். அதனால் சுமார் 30 நாள் அளவு மாறாமல் காக்க வேண்டும். குறைந்தால் பயனில்லை, கூடினால் மீனுக்கே நஞ்சு. அடிக்கடி சோதித்தே தீர வேண்டும். உள்ளே பவளக்கல் வைக்காதீர்கள், அது செம்பை உறிஞ்சிவிடும்.

தொட்டி மாற்றத்தில் மருந்தே கிடையாது. மீனிலிருந்து உதிரும் ஒட்டுண்ணி அடியில் ஒட்டிக் கூடு கட்டி, பொதுவாக மூன்று நாளுக்குப் பிறகே குஞ்சு விடும். அதற்குள், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, கழுவி உலர்த்திய வேறு தொட்டியில் புது உப்புநீர் நிரப்பி மீனை மாற்ற வேண்டும். நான்கு மாற்றங்கள், 12 நாள். செம்பு தாங்காத மீன்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். பழைய தொட்டியின் வலையோ ஹீட்டரோ ஈரத்தோடு கூட வரவே கூடாது.

ஆனால் வேறொரு ஒட்டுண்ணியால் வரும் வெல்வெட் நோய்க்கு இது போதாது. மீன் வேகமாக மூச்சு வாங்கி, உடலில் பொடி தூவியதுபோல் தெரிந்தால் தயங்காமல் செம்பையே எடுப்பேன்.