பழைய கட்டடத் திருத்தவேலை: வைப்பை உடைப்பதா, கடன் வாங்குவதா, வருடத்துக்கொரு துண்டாகச் செய்வதா?

கொழும்பு நகர மண்டபம் 1928இல் திறக்கப்பட்டது. புறக்கோட்டையில் உள்ள பழைய நகர மண்டபம் 1873ஆம் ஆண்டுக்குரியது. இந்த வயதுக் கட்டடங்களின் திருத்தவேலை மாநகர சபை ஒன்றின் நிகழ்ச்சிநிரலுக்கு வந்தால், செலவு சபை வங்கியில் போட்டிருக்கும் நிலையான வைப்பிலிருந்தா, கடனிலா, வருடாந்தப் பாதீட்டிலா என்ற விவாதமும் கூடவே வரும்.

முதலில் தொகையைச் சரிபார்க்க வேண்டும். பொறியியல் பிரிவு 100 மில்லியன் ரூபாய் என்று மதிப்பிட்டால் அது முழுச் செலவல்ல. வழக்கமான 10% எதிர்பாராச் செலவு புதுக் கட்டடத்துக்குப் போதும். பழைய கட்டடத்தில் சீலிங்கைக் கழற்றிய பிறகுதான் உக்கிய வளை தெரியவரும் என்பதால் 15% வைப்பதே பாதுகாப்பு. அப்போது 115 மில்லியன். அதற்குமேல் 18% வற் வரி சேர்ந்தால் 135.7. சபையில் 100 என்று பேசிவிட்டு இந்தத் தொகைக்குக் கையெழுத்து வைக்கும்போதுதான் பாதிச் சண்டை தொடங்குகிறது.

இனி ஒப்பீடு. கணக்கு எளிதாக, முழுப் பில்லும் 100 மில்லியன், வைப்பு வட்டி 8%, கடன் வட்டி 12%, விலையேற்றம் ஆண்டுக்கு 7% என்று வைத்துக்கொள்வோம்.

வைப்பை உடைத்து, எடுத்ததை ஆண்டுக்கு 20 மில்லியன் வீதம் ஐந்து ஆண்டில் திரும்ப நிரப்பினால் இழக்கும் வட்டி 24 மில்லியன். அதே தவணையில் கடனை அடைத்தால் வட்டி 36. ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து சம துண்டில் செய்தால் விலையேற்றம் மட்டும் 15. காகிதத்தில் துண்டு வேலைதான் மலிவு. நிதிக் குழுக்களுக்கு அது பிடிப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் சாரம் கட்டுவது, காவல், காப்புறுதி, கொந்தராத்துக்காரர் தளபாடங்களைக் கொண்டுவந்து இறக்குவது எல்லாம் ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாக வரும். தடவைக்கு 5 மில்லியன் என்றாலும் மேலதிக நான்கு தடவைக்கு 20. மொத்தம் 35, கடனுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. மூன்றாம் ஆண்டில் மாற்றப்போகும் பீலி முதலாம் ஆண்டில் பூசிய சுவரை நனைப்பது இதற்கு வெளியே. அப்படி நனையும் சுண்ணாம்புச் சுவரில் சீமெந்துப் பூச்சு வைத்துவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூக்கும், பெயின்ற் கொப்பளிக்கும். பிறகு அதையும் கொத்தி எடுக்க வேண்டும்.

வைப்பு வழியின் பலவீனம் வேறு. கணக்கறிக்கையில் நிலையான வைப்பு என்று தெரியும் தொகை முழுவதும் சபையின் சொந்தப் பணமல்ல. வேலையில் பிழை வராதென்று தெரியும்வரை பில்லிலிருந்து பிடித்துவைத்த கொந்தராத்துக்காரர்களின் தடுத்துவைப்புப் பணமும் கடைக்காரர்களின் பிணைப் பணமும் அதற்குள் கிடக்கும். அவற்றைக் கழித்து, மூன்று மாதச் சம்பளத்தையும் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதே தொடக்கூடியது. வீடு, கடைகளுக்குச் சபை அறவிடும் சோலை வரியை ஜனவரி 31க்குள் முழு ஆண்டுக்கும் கட்டுவோருக்கு 10% கழிவு இருப்பதால் பணம் ஆண்டுத் தொடக்கத்தில் குவியும். பிற்பாதியில் காசோட்டம் மெலியும். அந்த நேரத்தில் வைப்பை முதிர்வுக்கு முன் முறித்தால் வட்டியில் வெட்டு விழும். 3, 6, 12 மாதங்களாகப் பிரித்து, பில் வரும் மாதங்களுக்கு முதிர்வைப் பொருத்துவதே வழி. எல்லாவற்றையும்விட முக்கியம், திரும்ப நிரப்பும் தீர்மானம். கடன் தவணையை வங்கி கேட்கும். காலியான வைப்பை நிரப்பும்படி யாரும் கேட்கமாட்டார்கள். நிரப்பாவிட்டால் அந்த 24 மில்லியன் கணக்குக்குப் பொருளில்லை. சீமெந்து மூட்டை 3,000 ரூபாயை எட்டிய 2022 போன்ற ஓர் ஆண்டை வெறும் கையோடு சந்திக்க நேரும்.

கடன், வாடகை தரும் சந்தைக் கட்டடத்துக்குப் பொருந்தும். தன் வாடகையிலிருந்து தவணையைக் கட்டமுடியாத அலுவலகக் கட்டடத்துக்கு 12% கொடுப்பது வீண்.

கூரை, பீலி, நீர்க்கசிவு, விரிசல் ஆகியவற்றை வைப்பிலிருந்து ஒரே கேள்விப்பத்திரத்தில் முடிப்பதும், மின்கம்பி, கழிவறை, உள்வேலை போன்றவற்றை மாடிக்கு மாடியாகப் பாதீட்டிலிருந்து செய்வதும்தான் சரியான பிரிப்பு. காலமும் கணக்கில் வரவேண்டும். டிசம்பரில் பாதீடு நிறைவேறி, அதன்பின் அளவுப்பட்டியல், கேள்விகோரல், மதிப்பீட்டுக் குழு, பெறுகைக் குழு எல்லாம் தாண்டினால் மே வந்துவிடும். தென்மேல் பருவமழை தொடங்கும் நேரத்தில் கொழும்பில் யார் ஓட்டைக் கழற்றுவார்கள்? ஆவணங்களை முந்திய ஆண்டின் செப்டெம்பருக்குள் தயாரித்து, ஜனவரியில் கூரைக்கு ஏறினால் மழைக்குமுன் மூடலாம்.

ஒப்பந்தத்தில், பிழைகளைக் கொந்தராத்துக்காரரே திருத்தித் தரவேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் 12 மாதத்துக்குக் குறையக்கூடாது. ஆறு மாதம் என்று எழுதி ஒக்டோபரில் வேலையை ஒப்படைத்தால், அடுத்த தென்மேல் மழையில் கசியும்போது தடுத்துவைப்புப் பணம் கைமாறியிருக்கும்.